இடது கை நடவு

அப்பாவின் தங்கையான எங்கள் அத்தை, புருஷன் வீட்டை விட்டு எங்களோடு வந்து இருந்த காலத்தில் மாமாவின் பெயரை ஒருநாளும் சொன்னதில்லை. அதில் அதிசயம் ஒன்றுமில்லை. எங்கள் பக்கத்தில் அப்போது எந்தப் பெண்ணும் புருஷன் பெயரைச் சொல்லமாட்டாள். அத்தை அவர் ஊர்ப் பெயரையும் சொல்லமாட்டாள் என்பதுதான் விசேஷம். திருத்துறைப்பூண்டிப் பக்கம் என்று சொல்லவேண்டிய இடத்தில் ‘தெக்கே’ என்பாள். தெக்கே மழையாம், தெக்கே இன்னும் தண்ணி வரலையாம் என்பாள். நாங்கள் இருந்தது சீர்காழிக்கு அருகில். எங்களுக்குத் தெற்கே எத்தனையோ ஊர்கள் இருந்தாலும் அத்தையின் தெக்கு ஒரே ஊர்தான்.

ஏன் வந்துவிட்டாள் என்று கேட்டால், “சண்டை” என்று அம்மா ஒரே சொல்லில் முடித்துவிடுவாள். மீதி எனக்குப் பின்னாளில்தான் தெரிந்தது. மாமா குத்தகைக்குச் சாகுபடி செய்பவர். கூலி உயர்வு கேட்டு வயல்வேலைக்காரர்கள் கிளர்ச்சி செய்தபோது அவர்களோடு போய் நின்று ஜெயிலுக்குப் போனார். இனிமேல் இதில் கலந்துகொள்ளமாட்டேன் என்று எழுதிக் கொடுத்தவர்களை விட்டுவிட்டார்கள். மாமா எழுதிக் கொடுக்கவில்லை. அத்தை அப்போது நிறைமாதம். குழந்தை பிறந்து, அழாமலே போய்விட்டது. மாமா வெளியே வந்தபோது வீடு பூட்டிக் கிடந்தது. எங்கள் வீட்டு வாசல்வரை வந்தார். அப்பா அவரை உள்ளே கூப்பிடவில்லை, அத்தை வெளியே வரவில்லை. அதோடு சரி.

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது, ஐப்பசி பிறந்திருந்த சமயம், கடற்கரை ஊரிலிருந்து சைக்கிளில் ஜவுளி மூட்டை வைத்துக்கொண்டு வரும் பாய் எங்கள் வீட்டுக்கு வந்தார். டெல்டா முழுக்கச் சுற்றுகிறவர். புடவைகளை விரித்துப் போட்டுவிட்டு அம்மாவைப் பார்த்துப் பேசினாலும், காது கேட்கவேண்டியது யாருக்கு என்று தெரிந்தே பேசினார்.

“தெக்கே நெலம ஒண்ணும் சரியில்லம்மா. ஏர் பூட்ட வந்த மாட்ட மிராசுதார் ஆளுங்க அவுத்து விட்டானுங்க. தடுக்கப்போன எடத்துல அடி. வலது கை ஒடிஞ்சு கட்டுப் போட்டுருக்காரு.”

அம்மா ‘அடப்பாவமே’ என்றாள். அத்தை சுவரோரமாக உட்கார்ந்து முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறம் நின்றது.

பாய் மீதியையும் சொன்னார். ஆட்சி மாறிய பிறகு குத்தகைதாரர்களுக்குச் சட்டம் வந்திருந்தது. தன் உழைப்போ குடும்பத்தாரின் உழைப்போ போட்டுப் பயிர் செய்கிறவனை வயலிலிருந்து இறக்க முடியாது. மாமாவின் வயலுக்கு உடைமைக்காரரான மிராசுதார் கும்பகோணத்தில் இருந்தார். அவருடைய காரியஸ்தர்தான் ஊரில் எல்லாம். கையொடிந்தவன் உழைக்க முடியாது, பெண்டாட்டியும் இல்லை, பிள்ளையும் இல்லை, ஆகவே அவன் குத்தகைதாரனே இல்லை என்று காரியஸ்தர் மனுப் போட்டுவிட்டார். தாசில்தார் வயலுக்கே வந்து விசாரிக்கப் போகிறாராம். நடவுக்கு யாராவது போனால் வேறெங்கும் வேலை கிடையாது என்று கூலிப்பெண்களை மிரட்டியும் வைத்திருக்கிறாராம்.

“நாத்து?” என்றாள் அத்தை.

“நட ஆளில்லாம முத்துதும்மா.”

அன்று சாயங்காலம் அப்பா வந்ததும் அத்தை நேராகப் போய் நின்றாள். “அண்ணே, நான் தெக்கே போறேன்.”

அப்பா துண்டை உதறிவிட்டு உட்கார்ந்தார். “அவன் உன்ன என்ன பாடு படுத்தினான்னு மறந்துபோச்சா?”

“மறக்கல. அவரப் பாக்கப் போகல. வயலப் பாக்கப் போறேன். அது கட்டாந்தரையா, உப்புப் பூத்துக் கெடந்தது. வண்டல் சுமந்து கொட்டினவ நானு. வரப்புல பாதி நான் வெட்டிப் போட்டது. அத ஒரு காரியஸ்தன் வந்து எடுத்துக்கிட்டுப் போறத இங்க உக்காந்து கேட்டுக்கிட்டு இருக்க மாட்டேன்.”

அப்பா அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. சம்மதித்துவிட்டார் என்பதல்ல, அத்தை அந்தக் குரலில் பேசினால் பதில் சொல்லிப் பயனில்லை என்று தெரிந்தவர். துணைக்கு என்னை அனுப்புவது என்று அம்மா முடிவு செய்தாள். நாற்று நடப் போகிறவளின் பெட்டியில் அம்மா பட்டுப்புடவை ஒன்றை எடுத்து வைத்ததை நான் பார்த்தேன். அம்மாவுக்கு விவசாயம் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன்.

பஸ் மாறி, மறுபடி பஸ் மாறி, வாய்க்கால் ஓரமாக நடந்து நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மாமா இடது கையில் ஊதுகுழலைப் பிடித்து அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார். வலது கை மூங்கில் பத்தை வைத்துக் கட்டிக் கழுத்திலிருந்து தொங்கியது. புகையினாலோ என்னவோ கண் சிவந்திருந்தது. எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார். பிறகு என்னைப் பார்த்து, “வா பாப்பா” என்றார்.

அத்தை பெட்டியை வைத்தாள், அடுப்பை வாங்கிக்கொண்டாள், சோறு வடித்தாள். வடித்துவிட்டு என்னிடம், “நாத்தங்கால் எங்க விட்டுருக்குன்னு உங்க மாமாவக் கேளு” என்றாள்.

மாமா ஒரு கை எட்டும் தூரத்தில்தான் நின்றார். கேட்டேன்.

“மேலண்டை மூலைலன்னு சொல்லு பாப்பா.”

சொன்னேன். இப்படித்தான் ஆரம்பமாயிற்று என் உத்தியோகம். அவர்கள் இருவரும் ஒருவரோடொருவர் பேச நான் நடுவில் நின்றேன். சில சமயம் நான் சொல்வதற்குள்ளேயே பதில் வந்துவிடும். இருந்தாலும் முறைக்கு நான் ஒருதரம் சொல்லிவிடுவேன்.

மறுநாள் காலை ஒருத்தியும் நடவுக்கு வரவில்லை. பதினைந்து பெண்கள் இறங்கவேண்டிய வயல் அது. மாமா வேற்றூர் ஏரைக் கொண்டுவந்து உழவைத்துச் சேறடித்துத் தண்ணீர் கட்டி வைத்திருந்தார். அத்தை வரப்பில் நின்று ஒருமுறை பார்த்தாள். பிறகு புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நாற்றங்காலில் உட்கார்ந்து தானே நாற்றுப் பறித்தாள், தானே அதைப் பிடிபிடியாக முடி கட்டினாள், தானே இறங்கி நட ஆரம்பித்தாள். முடிகளைத் தூக்கிக்கொண்டு வந்து போடுவது என் வேலை. மத்தியானம் ஆகியும் வயலின் ஓரத்தில் ஒரு பச்சைக் கரை போட்டதுபோல்தான் இருந்தது. அந்தப் பக்கமாகக் குடை பிடித்துக்கொண்டு போன காரியஸ்தர் நின்று பார்த்துச் சிரித்தார்.

“தை அறுப்புக்குள்ள நட்டு முடிச்சிடுவியாம்மா?”

“ஆவும்போது ஆவட்டுங்க” என்றாள் அத்தை. நிமிரவில்லை.

காரியஸ்தர் போன பிறகு மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கினார். அத்தை என்னைக் கூப்பிட்டாள். “கட்டு நனஞ்சா எலும்பு கூடாதுன்னு சொல்லு.” “நனையாம நடுறேன்னு சொல்லு” என்றார் மாமா. வலது கை நெஞ்சோடு தொங்க, நாற்று முடியை, கட்டுப் போட்ட கைக்கும் நெஞ்சுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, இடது கையால் ஒவ்வொரு பயிராகப் பிரித்து ஊன்றினார். ஒன்று சாய்ந்தது. இன்னொன்று மிதந்தது. வரிசை வாய்க்கால் மாதிரி வளைந்து போயிற்று. அத்தை பின்னாலேயே வந்து, அவர் நட்டதையெல்லாம் பிடுங்கி மறுபடி நட்டாள். மாமா அதைப் பார்த்தார். நட்டுக்கொண்டே போனார். அவள் பிடுங்கிக்கொண்டே வந்தாள்.

இரண்டு ஆள் செய்யும் வேலை இதனால் ஒரு ஆள் வேலையைவிடக் குறைவாகிறது என்று எனக்குப் பட்டது. சொல்லலாமா என்று யோசித்தேன். இருவர் முகத்தையும் பார்த்துவிட்டுச் சும்மா இருந்தேன்.

அடுத்த நாளும் அப்படியே. வெயில் ஏறியிருந்த நேரம். மாமா குனிந்தபடியே, என்னைக் கூப்பிடாமல், சேற்றைப் பார்த்துச் சொன்னார்: “நான் எழுதிக் குடுத்துட்டு வந்திருக்கணும்.”

அத்தையின் கை நின்றது.

“எல்லாரும் உள்ள இருக்கறப்ப நான் மட்டும் வர முடியலன்னு சொல்லிக்கிட்டேன். அது நெசந்தான். ஆனா நீ ஒத்தையா கெடந்தியே, அதுவும் நெசந்தான்.”

“எழுதிக் குடுத்திருந்தா உங்களால இந்த ஊர்ல நிமிந்து நடந்திருக்க முடியாது. அது எனக்கு அன்னைக்கே தெரியும். தெரிஞ்சும் ஆறல” என்றாள் அத்தை. அப்புறம், “பொம்பளப் புள்ள. உங்க மூக்கு” என்றாள்.

மாமா இடது கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். முகமெல்லாம் சேறாயிற்று. எழுதிக் கொடுப்பது என்றால் எனக்குப் பள்ளிக்கூடத்தில் தண்டனையாகக் கொடுக்கும் இம்போசிஷன்தான் தெரியும். மாமாவும் வீட்டுப்பாடம் செய்யாமல் எங்கோ மாட்டிக்கொண்டவர் என்று எண்ணி அவர்மேல் எனக்குப் பரிவு உண்டாயிற்று. அவர்கள் நேராகவே பேசிக்கொள்வதால் என் உத்தியோகம் போய்விட்டதே என்று கொஞ்சம் வருத்தமும் இருந்தது.

மத்தியானத்துக்குப் பிறகு ஒன்றைக் கவனித்தேன். அத்தை மாமாவின் வரிசைகளைப் பிடுங்குவதை விட்டுவிட்டாள். மிதந்ததை மட்டும் விரலால் அழுத்திவிட்டு, சாய்ந்ததைச் சாய்ந்தபடியே விட்டு, பக்கத்தில் தன் வரிசையை நட்டுக்கொண்டு போனாள்.

தாசில்தார் ஜீப்பில் வந்தது அதற்கடுத்த நாள். ஒல்லியான மனிதர், வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வரப்பில் ஜாக்கிரதையாக நடந்து வந்தார். காரியஸ்தர் குடையை அவருக்குப் பிடித்தார். விஷயம் தெரிந்து கூலிப்பெண்கள் எதிர் வரப்பில் கூட்டமாக வந்து நின்றார்கள்.

“இதெல்லாம் ஜோடனைங்க ஐயா” என்றார் காரியஸ்தர். “இந்தம்மா இங்க இருக்கறதே இல்ல. அண்ணன் வீட்டோட போயாச்சு. ஊருக்கே தெரியும். உங்க கண்ணுக்குக் காட்ட வரவழைச்சிருக்கான்.”

தாசில்தார் அத்தையைப் பார்த்தார். “அவர் சொல்றது உண்மையாம்மா?”

அத்தை பொய் சொல்லமாட்டாள். உண்மையைச் சொன்னால் வயல் போய்விடும். மாமா ஏதோ சொல்ல முன்னே வந்தார். அத்தை சேறு படிந்த கையை அவர் பக்கமாக நீட்டி நிறுத்தினாள்.

“போனது உண்மைங்க. எங்களுக்குள்ள மனத்தாங்கல். அத ஐயாகிட்ட மறைக்கல.”

“இப்ப?”

“இப்ப வந்துட்டேன்.”

“விசாரணை முடிஞ்சதும் திரும்பிப் போயிடுவீங்கன்னு சொல்றாங்க.”

அத்தை திரும்பி வயலைப் பார்த்தாள். வயலில் பாதிகூட ஆகவில்லை. ஆன மட்டும் நேராக ஒரு வரிசை, கோணலாக ஒரு வரிசை.

“நட்டத விட்டுட்டுப் போறதுக்கா ஐயா நட்டேன்?” என்றாள்.

தாசில்தார் மாமாவின் கட்டைப் பார்த்தார். கோணல் வரிசைகளைக் காட்டி, “இது யார் நட்டது?” என்று கேட்டார்.

“நாந்தாங்க” என்றார் மாமா.

“தெரியுது” என்றார் தாசில்தார். புருஷனும் பெண்சாதியும் உழைத்துச் சாகுபடி செய்வதைத் தானே பார்த்ததாகவும், குத்தகை இவர் பேரிலேயே இருக்கும் என்றும் காரியஸ்தரிடம் அங்கேயே சொல்லிவிட்டுக் கிளம்பினார். காரியஸ்தர் குடையை மடக்கிக்கொண்டு ஜீப்பின் பின்னால் கொஞ்ச தூரம் ஏதோ சொல்லிக்கொண்டே போனார்.

ஜீப் மறைந்ததும் மாமா கேட்டார், “வந்துட்டேன்னது தாசில்தாருக்காகச் சொன்னியா?”

“நாத்து வாடுது. மொதல்ல அத நடுங்க” என்றாள் அத்தை.

எதிர் வரப்பிலிருந்து வயதில் மூத்த பெண் ஒருத்தி கொசுவத்தை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினாள். “எங்களுக்காவ ஜெயிலுக்குப் போன மனுசன். வேல போனாப் போவுது” என்று பொதுவாகச் சொல்லிக்கொண்டே இறங்கினாள். அவள் பின்னால் மற்றவர்களும் இறங்கினார்கள். மறுநாள் பொழுது சாய்வதற்குள் வயல் பச்சையாகிவிட்டது.

இரண்டு நாள் கழித்து அப்பா எங்களை அழைத்துப்போக வந்தார். மாமாவோடு பேசவில்லை, ஆனால் வயலைச் சுற்றி ஒரு நடை நடந்து, கோணல் வரிசைகளின் எதிரில் கொஞ்சநேரம் நின்றார். அத்தை என் சட்டைகளை மட்டும் பையில் வைத்துக் கொடுத்தாள்.

“களை எடுக்கணும் அண்ணே. எடுத்துட்டு வர்றேன்.”

கார்த்திகை முடிந்தது. களை எடுத்தாகிவிட்டது, அறுப்பு ஆகட்டும் என்று பாயிடம் சொல்லியனுப்பினாள். அறுப்பு ஆனது. உளுந்து தெளித்திருக்கிறோம், அது காயட்டும் என்றாள். எனக்குக் கோபம் வந்தது. மாமாவின் வயலில் மட்டும் ஏன் வேலை முடிவதே இல்லை என்று அம்மாவிடம் கேட்டேன். அம்மா குடத்தைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் எடுக்கப் போய்விட்டாள். கோடை லீவு விட்டதும், அத்தையைக் கையோடு கூட்டிவருவது என்ற தீர்மானத்தோடு அப்பாவோடு தெற்கே போனேன். அப்பா வாசலில் என்னை விட்டுவிட்டு, திருத்துறைப்பூண்டியில் வேலை இருக்கிறது, சாயங்காலம் வருகிறேன் என்று போய்விட்டார்.

போனபோது மாமா உளுந்து மூட்டையை வலது தோளில் வைத்துக்கொண்டு, வலது கையாலேயே பிடித்தபடி வந்துகொண்டிருந்தார். கட்டைக் காணோம். மனசுக்குள் பெரிய நிம்மதி. கை சரியாகிவிட்டது, இனி அத்தை வந்துவிடலாம்.

மத்தியானம் வாசலில் விளையாடிவிட்டுத் தண்ணீர் குடிக்க உள்ளே ஓடினேன். மாமா சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். எதிரில் அத்தை, மடியில் சோற்றுச் சட்டியோடு, கட்டுப் போட்டிருந்த நாட்களில் செய்தது போலவே சோற்றை உருட்டி அவர் உள்ளங்கையில் வைத்துக்கொண்டிருந்தாள். அவர் அதை இடது கையில் வாங்கிக்கொண்டிருந்தார். வலது கை சும்மா முழங்கால்மேல் கிடந்தது.

“மாமாவுக்கு இன்னும் கை கூடலையா அத்தே?”

மாமா தொண்டையைச் செருமினார். அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து, மேலே கேட்காமல் வெளியே வந்துவிட்டேன்.

சாயங்காலம் பஸ்ஸில் திரும்பும்போது நான் பார்த்ததை அப்பாவிடம் கவலையோடு சொன்னேன். மூட்டை தூக்க முடிகிறது, சாப்பிடத்தான் முடியவில்லை. எலும்பைச் சரியாகக் கட்டவில்லை போலிருக்கிறது. சீர்காழியில் நல்ல டாக்டரிடம் காட்டினால் என்ன என்று கேட்டேன்.

அப்பா ஜன்னல் பக்கமாகத் திரும்பிக்கொண்டார். அறுத்த வயல்கள் ஓடிக்கொண்டிருந்தன. முகத்தைத் திருப்பாமலே, “வேண்டாம்மா. அது அப்படியே இருக்கட்டும்” என்றார். ஒரு மனிதன் கை ஊனமாகக் கிடப்பதை இவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறாரே, அந்தப் பழைய சண்டையை இன்னும் மறக்கவில்லையே என்று நினைத்து, ஊர் வந்து சேரும்வரை நான் அப்பாவோடு பேசவில்லை.