ஐந்தாவது வெட்டு

நம்மவர்கள் மூன்று பேர் கூடினால் அதற்குள் ஒரு தலைவர் முளைத்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமை காலையில் ரிமோட் விமானம் விடுகிற எங்கள் சின்னக் கூட்டத்துக்கும் ஒருவர் வாய்த்தார். பட்டர்வொர்த்தில் மலேசிய விமானப்படை மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்று ஈப்போவுக்கு வந்தவர். தஞ்சோங் ரம்புத்தான் போகும் வழியில் ஒரு பழைய ரப்பர் தோட்டம் இருக்கிறது. பால்மரங்களைச் சாய்த்து, தொழிலாளர் இருந்த லயங்களை இடித்து, வீடமைப்புப் பலகையை நட்டதோடு வேலை நின்றுபோயிற்று. அங்கேதான் எங்கள் விளையாட்டு. எங்கே போகிறாய் என்று கேட்பவர்களிடம் ஊர்ப் பெயரைச் சொன்னால் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள், மனநல மருத்துவமனை அங்கேதான் என்பதால். என் மனைவி மட்டும், நான் சரியான இடத்துக்குத்தான் போகிறேன் என்பாள்.

விமானத்தின் வாலில் கிரேப் தாளில் ஒரு நீள ரிப்பன் கட்டுவோம். எதிராளியின் ரிப்பனை நம் விமானத்தின் முன்விசிறியால் அறுத்தால் வெற்றி. அறுத்தது யார், தானாக அறுந்ததா என்பதில்தான் தகராறு. அதைத் தீர்க்கத் தலைவர் நிஜப் போர் விமானிகளின் வழக்கத்தைக் கொண்டுவந்தார். விமானி இறங்கி வந்து வீழ்த்திவிட்டேன் என்று சொன்னால் மட்டும் அந்தக் காலத்தில் போதாதாம். கூடப் பறந்தவனோ தரையில் நின்றவனோ பார்த்திருக்க வேண்டும், அல்லது விழுந்த சிதைவு கிடைக்க வேண்டும். பிற்பாடு துப்பாக்கியோடு காமிராவையும் பொருத்தினார்கள். இருவர் சேர்ந்து வீழ்த்தினால் ஆளுக்குப் பாதி. ஐந்து சேர்ந்தால் அவன் ‘ஏஸ்’. எங்களுக்கும் அதே சட்டம்தான். தோற்றவர் தாமே ஒப்புக்கொண்டால் அதுவும் செல்லும். ஒவ்வொரு வெற்றிக்கும் விமானத்தின் விலாவில் ஒரு சிவப்பு நட்சத்திரம் ஒட்டலாம். ஐந்தாவதற்குப் பொன்னாடை. பொன்னாடை போர்த்தாத பெருமையை நம் ஆட்கள் பெருமையாகவே எடுத்துக்கொள்வதில்லை.

இந்தச் சாட்சி விஷயத்தில் எனக்கு முதலிலிருந்தே நம்பிக்கை கிடையாது. கையுறைத் தொழிற்சாலையில் தரம் பார்ப்பவன் நான். கையுறைக்குள் தண்ணீர் ஊற்றித் தொங்கவிட்டு, எங்கே சொட்டுகிறது என்று பார்ப்பதுதான் பிழைப்பு. பார்வைக்கு நன்றாக இருப்பதுதான் முதலில் ஒழுகும். பொன்னாடைக் கணக்கும் எனக்குத் தெரியும். இன்றைக்கு நீ எனக்குப் போர்த்து, நாளைக்கு நான் உனக்குப் போர்த்துகிறேன். சாட்சியும் அப்படித்தான் கைமாறும் என்று காத்திருந்தேன்.

என் சந்தேகமெல்லாம் உணவகக்காரர் மேல்தான். ஈப்போவில் ரொட்டி சானாய்க் கடை வைத்திருக்கும் தமிழ் முஸ்லிம், என் வயதுக்காரர், அதிர்ந்து பேசாதவர். வாரந்தோறும் எல்லோருக்கும் ரொட்டியும் தே தாரிக் என்கிற நுரைத் தேநீரும் கொண்டுவருவார், காசு வாங்க மாட்டார். அதிகம் சாப்பிடுகிறவர் தலைவர். உணவகக்காரரின் வெற்றிகளுக்கெல்லாம் சாட்சியும் தலைவர்தான். பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன்.

அவருடைய நான்காவது வெற்றியை நான் எதிர்த்தேன். பனியில் நனைந்த தாள் தானாக அறுந்தது என்றேன். இனிமேல் விழுந்த ரிப்பனைக் கொண்டுவந்து காட்ட வேண்டும், விசிறி வெட்டினால் விளிம்பு நேராக இருக்கும், தானாகக் கிழிந்தால் பிசிறு தெரியும் என்று புதுச் சட்டமும் போட வைத்தேன். அவர் ஒரு வார்த்தை வாதாடவில்லை. சரி, அது வேண்டாம் என்று நகத்தால் நட்சத்திரத்தைச் சுரண்டி எடுத்துவிட்டார். அது எனக்கு இன்னும் மோசமாகப் பட்டது. யார் இவ்வளவு சுலபத்தில் விட்டுக்கொடுப்பார்கள்? சோழியன் குடுமி சும்மா ஆடாது.

எனக்கு நான்கு நட்சத்திரங்கள் சேர்ந்திருந்தன. ஐந்தாவது மேல் வெட்கமில்லாத ஆசை. தொழிற்சாலையில் இத்தனை வருடத்தில் நான் கழித்துப் போட்ட கையுறைகளுக்காக ஒருவரும் கை தட்டியதில்லை. ஒரு தடவையாவது யாராவது தட்ட வேண்டும் என்றிருந்தது.

அன்றைக்குக் கடைசியாக வானத்தில் இருந்தவை என் விமானமும் உணவகக்காரருடையதும். மற்றவர்கள் தேநீர்ப் பக்கம் போய்விட்டார்கள். சுண்ணாம்புக் குன்றுக்கு மேலே வெயில் ஏறி நேராகக் கண்ணில் அடித்தது. அவர் வாலைத் துரத்திக்கொண்டு தோட்டத்து ஓரம் பழைய ஈயச்சுரங்கம் விட்டுப்போன குட்டைக்கு மேலே போனேன். ரிப்பன் துண்டாகி, நெளிந்து நெளிந்து இறங்கித் தண்ணீரில் விழுந்தது. அறுத்துவிட்டேன் என்று கத்தினேன். எல்லோரும் திரும்பியபோது அங்கே பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை.

ரிப்பன் எங்கே என்று தலைவர் கேட்டார். குட்டையில் மூழ்கிவிட்டது. என் சட்டம் என் கழுத்தையே பிடித்தது. இனி உணவகக்காரர் ஒப்புக்கொண்டால்தான் உண்டு. அவரோ ரிப்பன் அறுந்த நேரத்தில் நெற்றியில் கை வைத்துத் தலை குனிந்திருந்தார். ஓரக்கண்ணால் அதை நான் பார்த்திருந்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார்.

“அறுத்தாருண்ணே. நா பாத்தேன்லா” என்றார் தலைவரிடம்.

தலைவர் காரிலிருந்து பொன்னாடையை எடுத்து வந்து போர்த்தினார். கை தட்டினார்கள், படம் எடுத்தார்கள். சந்தோஷமாகத்தான் இருந்தது. கூடவே, இதற்குப் பதிலாக என்ன கேட்கப் போகிறார் என்ற கணக்கும் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. அந்த நான்காவது நட்சத்திரத்தையா? அடுத்ததற்கு என் சாட்சியையா?

எல்லோரும் கிளம்பியபின் அவருடைய வேனுக்குப் போய், நீங்கள் பார்க்கவில்லையே என்று நேராகவே கேட்டேன். அவர் கோப்பைகளை அடுக்குவதை நிறுத்தவில்லை.

“பாக்கலண்ணே. கண்ணு கூசிருச்சு.”

“அப்பறம் ஏன் பாத்தேன்னு சொன்னீங்க?”

“நீங்க சொன்னீங்கல்ல. ரிப்பன் விளிம்பக்கூட உத்துப் பாக்குற ஆளு. பாக்காததையா சொல்லப் போறீங்க?”

அவர் குரலில் எங்கேயாவது கேலி இருக்கிறதா என்று தேடினேன். கிடைக்கவில்லை. அவர் எதுவும் கேட்கவும் இல்லை.

வீட்டுக்குக் காரோட்டும்போது அந்தக் காட்சியை மனத்துக்குள் திரும்பத் திரும்ப ஓட்டினேன். ரிப்பன் விழுந்ததைப் பார்த்தேன், அதில் சந்தேகமில்லை. விசிறி அதைத் தொட்டதைப் பார்த்தேனா? வெயில் என் கண்ணிலும்தானே அடித்தது. அன்று காலையில் கட்டும்போதே தாள் ஈரமாக இருந்தது. இதே கதையை அவர் வந்து சொல்லியிருந்தால், விளிம்பைக் காட்டு என்று கை நீட்டியிருப்பேன்.

வாசலில் மனைவி பொன்னாடையைப் பார்த்துச் சிரித்தாள்.

“நெசமாவே ஜெயிச்சிட்டீங்களா?”

“அவரு பாத்தாராம்” என்றேன்.