நூற்றுப் பதினெட்டு முடிச்சு

1. கேட்

பஸ் டிப்போவில் முப்பத்து நான்கு வருடம் டைம் கீப்பராக இருந்தேன். எந்த வண்டி எத்தனை மணிக்குப் போனது, எத்தனை நிமிடம் லேட்டாகத் திரும்பியது என்று எழுதுவதுதான் வேலை. பௌர்ணமி கிரிவல ஸ்பெஷல் ஓடும் நாட்களில் ஒரு கையால் சாப்பிட்டுக்கொண்டே மறு கையால் எழுதியிருக்கிறேன். ஓய்வு பெற்ற பிறகு எழுதுவதற்கு வண்டி இல்லை. பத்தொன்பதாவது நாள் என் மனைவி சரோஜா பொறுமை இழந்தாள்.

“இன்னாங்க, காலையிலேர்ந்து கேட்டைப் பதினோரு தடவை தொறந்து மூடிட்டீங்க. யார் வரணும் உங்களுக்கு? பேசாம அந்தப் பார்க்குல போய் செடிக்குத் தண்ணி ஊத்துங்க. ஆள் வேணும்னு போர்டு வெச்சிருக்காங்க.”

பதினொன்று அல்ல, ஒன்பது. அதைச் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன்.

2. நம்பர்

செங்கம் சாலைப் பக்கம் இருக்கும் பொதுப் பூங்கா அது. காலை ஆறிலிருந்து எட்டு வரை விருப்பமுள்ளவர்கள் வேலை செய்யலாம். சம்பளம் கிடையாது. நான் சேர்ந்த அன்று ஏழு பேர் இருந்தார்கள். மரக்கன்றுகள் நசீமா பொறுப்பில் இருந்தன. நாற்பத்து நான்கு வயது. பி.எஸ்சி. தாவரவியல் முடித்த கையோடு கல்யாணம். அதன் பிறகு இருபத்து மூன்று வருடம் வீடு.

“வீட்ல சும்மாதானே இருக்கேன்னு எல்லாரும் சொன்னாங்க சார். சும்மா இருக்கறதுல எவ்ளோ வேலை தெரியுமா? அதான் ரெண்டு மணி நேரம் இங்க ஓடி வந்துடறேன்.”

கன்றுகள் எத்தனை என்று கேட்டேன்.

“ஒரு நூத்தம்பது இருக்கும்.”

‘இருக்கும்’ என்ற பதில் எனக்கு ஆகாது. எண்ணினேன். நூற்று நாற்பது. மறுநாள் நூற்று முப்பத்தொன்பது வந்தது. அதற்கு மறுநாள் நூற்று நாற்பத்தொன்று. தகரத்தைத் துண்டு துண்டாக வெட்டி, ஆணியால் நம்பர் குத்தி, கட்டட வேலைக்கு வாங்கும் கட்டுக்கம்பியால் ஒவ்வொரு கன்றிலும் கட்டினேன். போகிறவர்கள் பிடுங்கிவிடக் கூடாது என்று தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், கட்டிங் பிளேயரால் மூன்று முறுக்கு. அதன் மேல் வைக்கோல் மூடாக்கு. நூற்றுப் பதினெட்டோடு கம்பி தீர்ந்துவிட்டது. மீதி இருபத்திரண்டைச் சணலால் கட்டினேன். சணல் மூன்று மாதத்தில் இற்று விழுந்தது. அந்த இருபத்திரண்டு நம்பரும் தரையில் கிடந்ததைப் பார்த்து எனக்கு ஒரு வாரம் மனசு ஆறவில்லை. எந்த மரம் எந்த நம்பர் என்பது அதற்குள் மனப்பாடம் ஆகிவிட்டதால் வைக்கோலைப் பிறகு விலக்கிப் பார்க்கவில்லை. எதற்கு எப்போது தண்ணீர், எப்போது உரம் என்று நோட்டில் மட்டும் எழுதிவந்தேன்.

3. வியாழக்கிழமை

பதினான்கு மாதம் கழித்து, கீழ்பென்னாத்தூர் பக்கம் பெரிய நர்சரி வைத்திருக்கும் ஏழுமலை பூங்காவுக்கு வந்தார். நசீமா போட்டிருந்த மகிழம் பதியங்களைப் பார்த்துவிட்டு, “யாரும்மா போட்டது? நீயா? எனக்கு ஒரு சூப்பர்வைசர் வேணும். அடுத்த வெள்ளிக்கிழமை வந்து மரத்தையெல்லாம் ஒரு ரவுண்டு பாக்கறேன், அப்புறம் சொல்றேன்” என்றார்.

நசீமாவின் வாழ்க்கையில் அதுதான் முதல் வேலையாக இருக்கும். “வீட்ல இன்னும் சொல்லல சார். கெடைச்சா சொல்லிக்கலாம்” என்றார் நசீமா.

ஏழுமலை வருவதற்கு முதல் நாள், வியாழக்கிழமை காலை, நாற்பத்தொரு மரங்களில் இலை மஞ்சளாகித் தொங்கியது. நசீமா வாளியை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“கடலைப் புண்ணாக்குக் கரைசல் ஜாஸ்தி ஆயிடுச்சு போல. என் கையாலதானே ஊத்தினேன்.”

எனக்கு அது பொருந்தவில்லை. கரைசல் எல்லா மரத்துக்கும்தான் போனது. வாடியவற்றின் நம்பரை நோட்டில் வட்டமிட்டேன். நாற்பத்தொன்றும் நூற்றுப் பதினெட்டுக்குள் இருந்தன. அதற்கு மேல் ஒன்றுகூட இல்லை. நூற்றுப் பதினெட்டில் எது முடிந்தது என்பது எனக்குத் தெரியும்.

எல்லோரும் போன பிறகு முப்பத்தாறாம் நம்பர் புங்கமரத்தின் அடியில் வைக்கோலை விலக்கினேன். தகரம் தொங்கியது. கம்பியைக் காணவில்லை. பட்டை அதை விழுங்கி, மேலும் கீழும் புடைத்திருந்தது.

அன்று கேட்டை எத்தனை தடவை திறந்தேன் என்று எண்ணவில்லை.

4. வெள்ளிக்கிழமை

ஏழுமலை கேட்பதற்கு முன்பே நசீமா சொல்லிவிட்டார். “என் தப்புதான் சார். உரம் ஜாஸ்தி பண்ணிட்டேன்.”

“அப்ப கஷ்டம்மா. அங்க ஆயிரக்கணக்குல கன்னு நிக்குது” என்று ஏழுமலை பைக் பக்கம் திரும்பினார்.

சாவியைப் போடுவதற்குள் நான் போய் வண்டிக்கு முன்னால் நின்றேன்.

“வண்டியை எடுக்காதீங்க. அவங்க தப்பு இல்ல. என்னுது.”

முப்பத்தாறாம் நம்பருக்குக் கூட்டிப் போனேன். அவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து தடவிப் பார்த்தார்.

“யோவ் பெரியவரே, மரத்துக்குத் தாலி கட்டினியா, தூக்கு மாட்டினியா?”

நசீமா என் பக்கம் திரும்பிக் கையை மட்டும் நீட்டினார். பிளேயரைக் கொடுத்தேன். கம்பியைப் பிடித்து இழுக்காமல், முறுக்கு இருந்த இடத்தில் மட்டும் பட்டையைக் கீறி, நறுக்கி, இரண்டு பக்கமும் மெதுவாக உருவினார். ஒரு மரத்துக்கு ஏழு நிமிடம் ஆனது. ஏழுமலை நான்கு மரம் வரை நின்று பார்த்தார்.

“திங்கக்கிழமை வந்துடும்மா. அங்க இருக்கறவனுங்க பட்டையோட பிச்சிருப்பானுங்க.”

பிறகு என் நோட்டை வாங்கிப் புரட்டினார். “பதினாலு மாசம் ஒரு நாள் விடல நீ. வாரத்துல மூணு நாள் நீயும் வா. பிளேயரை மட்டும் வீட்லயே வெச்சிட்டு வா.”

5. ஒரு விரல்

எட்டு மாதமாக நர்சரியில் வெளியே போகும் வேன்களையும் அவற்றில் ஏறும் கன்றுகளையும் எழுதுகிறேன். நசீமா எனக்கு மேலதிகாரி. “லேபிளை நான் கட்டிக்கறேன் சார், நீங்க எழுதுங்க” என்பார். எல்லோர் முன்னாலும் சொல்வார்.

வேலை தேடுகிறவர்களும் வேலை முடிந்து தவிக்கிறவர்களும் என்னிடம் கேட்டால், பக்கத்துப் பூங்காவுக்குப் போகச் சொல்கிறேன். அங்கே யாராவது உங்கள் கைவேலையைப் பார்ப்பார்கள். செய்வதை எழுதி வையுங்கள். தப்பு நடந்தால் அந்த எழுத்தே காட்டிக்கொடுக்கும். காட்டிக்கொடுத்த அன்றே வாயைத் திறந்துவிடுங்கள். வளரும் எதைக் கட்டினாலும் ஒரு விரல் நுழைய இடம் விடுங்கள்.

நாற்பத்தொன்றில் முப்பத்தெட்டு பிழைத்தன. கம்பி கட்டியது நூற்றுப் பதினெட்டு, அவிழ்த்தது நூற்றுப் பதினேழு. அறுபத்திரண்டாம் நம்பர் வேம்பை முன்பே யாரோ கேட்டு, வேர்மண்ணோடு பெயர்த்து வாங்கிப் போய், அடி அண்ணாமலைப் பக்கம் கிரிவலப் பாதையோரம் நட்டதாகச் சொல்கிறார்கள். சேதி தெரிந்து நான்கு ஞாயிறு போய்விட்டன. ஒவ்வொரு வேம்பாகக் குனிந்து பார்த்துக்கொண்டு வருகிறேன். இதற்கு மட்டும் பிளேயர் பையில் இருக்கிறது.