ரசமட்டம் பார்த்துப் போட்ட தரை

எனக்கு உட்காரத் தெரியாது. காலை ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ் ஜூஜுவாடியில் இறக்கிவிட்டால், வீட்டில் ஒரு டம்ளர் டீ குடித்து முடிப்பதற்குள் நான்கு முறை எழுந்திருப்பேன். மோட்டார் போட்டாயா, கேட் ஏன் கிறீச்சிடுகிறது, சிலிண்டர் எப்போது மாற்றினது என்று ஏதாவது ஒன்று. "கால்ல சக்கரம் கட்டிக்கினு சுத்தறீங்க" என்பாள் என் மனைவி. அவள் சிங்காரப்பேட்டைப் பக்கம். நான் கோவில்பட்டியிலிருந்து வேலைக்காக ஓசூர் வந்தவன். வந்து இருபத்திரண்டு வருடமாகிறது.

இப்படிச் சும்மா இருக்க முடியாத ஆள், செய்ய வேண்டிய ஒரே ஒரு வேலையை மட்டும் மூன்று வருடம் தள்ளிப்போட்டேன்.

எங்கள் வீட்டின் பின்பக்கம் சமையலறைக் கதவுக்கும் துணிக்கொடிக்கும் நடுவே பன்னிரண்டு அடி செம்மண் தரை. நாலு தூறல் விழுந்தால் போதும், எண்ணெய் தடவினதுபோல் ஆகிவிடும். மழைக்கு மழை அவள் சொல்வாள். "வழுக்குதுங்க. நீங்களோ நானோ ஒரு நாளு உழத்தான் போறோம்." நான் சொல்வேன், "அடுத்த ஞாயித்துக்கெழம பாத்துக்கிடலாம்." அந்த ஞாயிறு ஓவர்டைம் வரும். இல்லையென்றால் ஒரு கல்யாணம் வரும். இரண்டும் வராவிட்டால் எனக்கே மனது வராது.

போன ஐப்பசியில் துணி வாளியோடு அவள் விழுந்தாள். கணுக்கால் எலும்பு உடைந்து, பிளேட் வைத்து, இரண்டரை மாதம் கட்டில். கட்டுப் பிரித்த பிறகும் அவள் பின்பக்கம் இறங்கவில்லை. இறங்கினாலும் காம்பவுண்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஓரமாகவே போவாள், வெயில் காய்ந்த நாளிலும். சொந்த வீட்டில் அவள் அப்படிச் சுவர் தடவி நடப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எங்கேயாவது ஓடிவிடலாம் போலிருக்கும்.

ஓடவில்லை. பேவர் பிளாக் போட்டேன். கொத்தனாரைக் கூப்பிடலாம் என்று அவள் சொன்னதற்கு, "நானே போடுதேன்" என்றேன். வேறொருவர் கையால் செய்தால் கணக்கு நேராகாது என்று ஒரு நினைப்பு. குட்டி யானை வண்டியில் கல்லும் எம்-சாண்ட் மணலும் வந்து இறங்கின. தினமும் ஷிப்ட் முடிந்து வந்து யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் இறங்கிவிடுவேன். முக்கால் அடி மண்ணை வெட்டி எடுத்து, ஜல்லி கொட்டி, திமிசுக் கட்டையால் இடித்து இறுக்கினேன். கட்டை விழுகிற ஒவ்வொரு முறையும் சமையலறை ஜன்னலில் பாத்திரம் ஆடியது. அவள் பாத்திரத்தைத் தள்ளி வைத்தாள். போதும் என்று சொல்லியிருந்தால் கொஞ்சம் நிறுத்தியிருப்பேன்.

என் வேலை என்ன என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். இன்ஸ்பெக்ஷன். கிரானைட் மேடைமேல் இயந்திரப் பாகத்தை வைத்து, அது தட்டையாக இருக்கிறதா என்று பார்ப்பது. ஒரு தலைமுடி அளவு தூக்கியிருந்தாலும் சிவப்புப் பெயின்ட், ரிஜெக்ட். இருபத்திரண்டு வருடம் இதையே பார்த்த கண்ணுக்கு ஒரு பக்கம் சரிந்த மேஜையில் சாப்பாடு இறங்காது. ஓட்டலில்கூட மேஜைக் காலுக்கு அட்டை மடித்து வைப்பேன்.

அப்படிப்பட்டவன் தரை போட்டால் எப்படிப் போடுவான்? ஒவ்வொரு வரிசைக்கும் நூல் கட்டினேன். ஒவ்வொரு கல்லையும் ரப்பர் சுத்தியலால் தட்டி, ரசமட்டம் வைத்துப் பார்த்தேன். குமிழி இரண்டு கோட்டுக்கு நட்ட நடுவில் நிற்கும்வரை விடவில்லை. இடைவெளி சரியா என்று கம்பெனியில் பயன்படுத்தும் தகட்டு அளவுகோலைக்கூட நுழைத்துப் பார்த்தேன். நான்காம் நாள் பக்கத்து வீட்டு அம்மா சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தார். மாடு வைத்திருப்பவர், எங்களுக்குப் பால் ஊற்றுபவர். வீட்டில் தெலுங்கு, தெருவில் கன்னடம், எங்களிடம் எல்லாம் கலந்து.

"ஏன் சார், வாட்டம் உட்டீங்களா? நீரு எல்லி ஹோகுத்தே?"

சரிவு விட்டீர்களா, தண்ணீர் எங்கே போகும் என்று கேட்கிறார். "ஒரு நூல் பிசகாதும்மா, கண்ணாடி மாதிரி இருக்கும்" என்றேன் நான். கேட்ட கேள்வி ஒன்று, சொன்ன பதில் வேறு. அப்போது அது எனக்கு உறைக்கவில்லை. அவர் சிரித்துக்கொண்டே மாட்டுக்குத் தீவனம் போடப் போய்விட்டார்.

மூன்று வாரத்தில் முடிந்தது. கடைசிக் கல்லையும் வைத்து, தூசியைக் கூட்டிவிட்டு அவளைக் கூப்பிட்டேன். வந்தாள். கதவுப் படியிலேயே நின்றாள். ஒரு வாளித் தண்ணீரை எடுத்துத் தரையில் ஊற்றிவிட்டுக் காத்திருந்தாள்.

தண்ணீர் பரவியது. பிறகு நின்றது. எந்தப் பக்கமும் போகவில்லை. மூலையில் தண்ணீர் வெளியேறச் சுவருக்கடியில் ஓட்டை இருக்கிறது, அது இருக்கிற திசையே தெரியாததுபோல் அப்படியே நின்றது. தொழிற்சாலைக்குள் தரை மட்டமாக இருக்க வேண்டும், அங்கே மழை பெய்யாது. வெளியில் போடும் தரைக்கு வாட்டம் வேண்டும். எந்தக் கொத்தனாரும் நாம் சொல்லாமலே செய்திருப்பார்.

"நாலு நாளு தண்ணி நின்னா பாசி புடிக்கும். மண்ணாவது காயும், இது காயாது" என்றாள். "நான் இதுல கால் வெக்க மாட்டன்."

மூன்று வாரம் முட்டி தேய்ந்தவன் நான். கோபம் மண்டைக்கு ஏறிவிட்டது. "நீ பாத்து நடந்திருந்தா எதுக்கு விழப்போற?" என்று கேட்டுவிட்டேன்.

அவள் வாளியைக் கீழே வைத்தாள். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனாள். அன்றைக்குச் சாப்பாடு போட்டாள், குழம்பு ஊற்றினாள், போதுமா என்று கேட்டாள். அதுதான் தாங்கவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

மறுநாளே எல்லாக் கல்லையும் பெயர்த்தேன். கதவுப் பக்கத்து நூலை அதே உயரத்தில் விட்டு, ஓட்டைப் பக்கத்தில் இரண்டு விரல் இறக்கிக் கட்டினேன். மணலைச் சரித்து, மறுபடி முதல் கல். ரசமட்டம் வைத்தால் குமிழி ஒரு பக்கம் ஒதுங்கி நின்றது. கை பரபரத்தது. இரண்டு தடவை என்னை அறியாமல் தட்டி நிமிர்த்திவிட்டு, மறுபடி பெயர்த்தேன். அப்புறம் ரசமட்டத்தைக் கொண்டுபோய் பீரோவுக்கு மேல் போட்டுவிட்டு நூலை மட்டும் நம்பினேன்.

முடிந்ததும் நானே தண்ணீர் ஊற்றினேன். ஓடியது. ஓட்டையில் கொடகொடவென்று இறங்கும் சத்தம் தெருவரைக்கும் கேட்டது. அவள் படியில் நின்று பார்த்தாள். "சரி" என்றாள். ஆனால் இறங்கவில்லை. அதற்குப் பிறகும் சுவரோரம்தான். இரண்டு மழை வந்து போனது, தரை அரை மணியில் காய்ந்தது, அவள் கை சுவரை விடவில்லை.

தரையில் இன்னும் என்ன குறை என்று குனிந்து குனிந்து பார்த்தேன். ஒரு கல் ஆடுகிறதா, ஓரம் தூக்கியிருக்கிறதா என்று காலால் அழுத்திப் பார்த்தேன். ஒன்றுமில்லை. குறை தரையில் இல்லை என்பது முதல் நாளிலிருந்தே தெரியும். அதைத் தொடுவதற்குத்தான் பயம்.

ஒரு ஞாயிறு காலை. அவள் துணி வாளியோடு கதவருகே வந்தாள். நான் படியில் நின்றிருந்தேன்.

"அன்னைக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்றேன். "நீ பாக்காம விழல. நான் போடாததால விழுந்த. மூணு வருசமா சொன்ன, நான் கேக்கல."

அவள் வாளியை இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"இத்த சொல்றதுக்கு எத்தினி ஞாயித்துக்கெழம ஆச்சு?" என்றாள்.

அவள் படியிறங்கி, சுவரைத் தொடாமல், தரையின் நடுவில் நடக்க ஆரம்பித்தாள். பிளேட் வைத்த காலை லேசாகச் சாய்த்துத்தான் வைத்தாள். பிடிக்கலாம் என்று நான் பின்னாலேயே ஓடினேன்.

"உக்காருங்க" என்றாள், திரும்பாமலே.

படிக்குத் திரும்பி உட்கார்ந்தேன். அவள் கடைசித் துணியைக் காயப்போட்டுத் திரும்பி வரும்வரை எழுந்திருக்கவில்லை.