நாலாம் நம்பர் அம்மா

எந்த ஊரடங்கு உத்தரவிலும் ஒரு விலக்கு இருக்கும். மருத்துவக் காரணத்துக்காக வெளியே செல்ல வேண்டியவர் எழுத்து மூலம் விண்ணப்பித்தால், காவல் நிலையம் அனுமதிச் சீட்டு வழங்கலாம். பிற்பாடு நானே ஓர் அரசு அலுவலகத்தில் அமர்ந்து இப்படிப்பட்ட வாக்கியங்களை எழுதி, விருப்ப ஓய்வும் பெற்றுவிட்டேன். 1991இல் எனக்கு ஒன்பது வயது. விதி எதுவும் தெரியாது.

அந்த டிசம்பரில் என் தங்கை ஏழாம் மாதத்திலேயே பிறந்து, பெங்களூரில் ஓர் ஆஸ்பத்திரியின் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தாள். அம்மாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஒக்கலிபுரத்திலிருந்து தினமும் பஸ் பிடித்துப் போய்ப் பால் பீய்ச்சிக் கொடுத்துவிட்டு வருவாள்.

வார்டுக்கு வெளியே நடையில் அப்படிப்பட்ட குழந்தைகளின் அம்மாக்கள் பாய் விரித்து உட்கார்ந்திருப்பார்கள். குழந்தைக்கே இன்னும் பெயரில்லை, தங்களுக்கு எதற்கு என்று நினைத்தார்களோ என்னவோ, பெட்டியின் நம்பரைச் சொல்லித்தான் ஒருவரையொருவர் கூப்பிடுவார்கள். அம்மா நாலாம் நம்பர். தும்கூர்ப் பக்கத்திலிருந்து வந்து நடையிலேயே தங்கியிருந்த ஒரு கன்னடப் பெண் மூணாம் நம்பர். நர்ஸுகள் சொல்ல நேரமில்லாததை எல்லாம் அவள்தான் அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தாள்.

"நிறுத்தாதீங்க அக்கா. கூசு குடிக்கலேன்னாலும் பீய்ச்சுங்க. விட்டா வத்திப்போவும்."

கூசு என்றால் கன்னடத்தில் குழந்தை.

பிறகு காவிரித் தகராறு வந்தது. கடைகள் எரிவதாகச் சொன்னார்கள். அப்பா வாசலில் இருந்த தமிழ்ப் பெயர்ப்பலகையைக் கழற்றிக் கட்டிலுக்கடியில் வைத்தார். மறுநாள் ஊரடங்கு. அம்மாவால் ஆஸ்பத்திரிக்குப் போக முடியவில்லை. குழந்தை என்ன ஆனாள் என்று கேட்க வீட்டில் போனும் இல்லை.

அப்பா மாநில அரசு குமாஸ்தா. பொருள், பார்வை எல்லாம் போட்டு நல்ல கன்னடத்தில் விண்ணப்பம் எழுதினார். அதைக் கொடுக்க வெளியே போக வேண்டும். வெளியே போகச் சீட்டு வேண்டும். கடைசியில் ரோந்து வந்த கான்ஸ்டபிளிடம் ஜன்னல் வழியாக நீட்டினார்.

"நாளைக்கு வந்துரும் சார்," என்றார் அவர்.

அம்மா சீட்டுக்குக் காத்திருக்கவில்லை. பால் நேரம் வரும்போதெல்லாம் சுவரைப் பார்த்து உட்கார்ந்து டம்ளரில் பீய்ச்சினாள். காலில் மிதிபடக்கூடாதென்று அதைச் செம்பருத்தித் தொட்டியில் ஊற்றினாள்.

"அங்க என்ன கெதியோ தெரியல. யாருக்கும்மா கறந்து ஊத்துற?" என்றாள் அத்தை, அப்பாவின் அக்கா.

"மூணாம் நம்பர் சொல்லியிருக்கா அண்ணி."

"அவ கன்னடத்தி. இந்த நேரத்துல உன் புள்ளய நெனச்சிக்கிட்டா உக்காந்திருப்பா?"

அம்மா டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள்.

ஊரடங்கைச் சற்றே தளர்த்திய காலையில் நடந்தே போனோம். நான் கன்னட மீடியம். யாராவது மறித்தால் பேச உதவுவேன் என்று என்னையும் கூட்டிப்போனார்கள். உண்மையில் மூவருக்குமே கன்னடம் நன்றாகத் தெரியும். ஆனால் வழிநெடுக யாரும் எந்த மொழியிலும் பேசவில்லை.

நடையில் பாதிப் பாய்களைக் காணோம். மூணாம் நம்பர் எழுந்து வந்தாள். கையில் பாலாடை, குழந்தைக்குப் புகட்டுகிற மூக்கு வைத்த கிண்ணம்.

"கூசு நல்லா இருக்குது அக்கா. மூணு நாளா என் பால்தான்."

ஒருத்தியின் பாலை இன்னொருத்தியின் குழந்தைக்குக் கொடுக்கக்கூடாது என்று அங்கே சுவரிலேயே எழுதியிருந்தது. நர்ஸுகள் அந்த மூன்று நாளும் சுவரைப் பார்க்கவில்லை போலும்.

அம்மா அவள் கைகளைப் பிடித்துக்கொண்டாள். "மூணாம் நம்பரம்மா..."

"இப்ப நான் மூணு இல்லக்கா. நானும் நாலுதான்."

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவளும் உட்கார்ந்தாள். ஒருத்தி தோளில் ஒருத்தி சாய்ந்து அழுதார்கள். அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். கதவின் கண்ணாடி வழியே பார்த்தேன். மூணாம் பெட்டி துடைத்துச் சுத்தமாக இருந்தது. இடம் பற்றாமல் இரண்டு குழந்தைகளையும் ஒரே பெட்டியில் வைத்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு பேருக்கும் ஒரே நம்பர் என்றால் நர்ஸ் எப்படிக் கூப்பிடுவாள் என்பதுதான் அன்று என் கவலை.

அம்மாவின் பால் வற்றவில்லை. யுகாதியன்று தங்கைக்குப் பெயர் வைத்தோம். தும்கூரிலிருந்து அவள் வந்திருந்தாள். அத்தையே பாய் விரித்து உட்காரவைத்து, குழந்தையை முதலில் அவள் மடியில் போட்டாள். விடுமுறை நாள், தபால் இல்லை. அப்பாவின் விண்ணப்பம் பரிசீலிக்கப்பட்டு அனுமதி வழங்கப்படுகிறது என்ற பதில், யுகாதிக்கு மறுநாள் வந்தது.