பெட்டிக்குள்ளிருந்து வந்த பதில்

பிற நாட்டு விதிகளுக்கு நம் சரக்கைப் பணியவைப்பதே ஏற்றுமதி நிறுவனத்துப் பரிசோதகரின் தொழில். அதில் உழன்ற தோழர்களுக்கு நான் சொல்லப்போவது மிகையாகத் தோன்றாது. எழுபதுகளின் நடுவில், மெல்பேர்னில் மீண்டும் ஆசிரியர் பணி கிடைக்கும்வரை, அந்நகரிலிருந்தே மலேசியாவுக்கு மின்சாரக் கெட்டில்களை அனுப்பிய நிறுவனமொன்றில் அவ்வேலையைப் பார்த்தேன்.

தட்டும் பழக்கம்

மரப்பெட்டியில் ஒரு வண்டு இருந்தாலும் மலேசியத் துறைமுகத்தில் சரக்கை இறக்க விடமாட்டார்கள். ஆகவே பெட்டிகளைக் கொட்டகையில் அடுக்கி, தார்ப்பாயால் மூடி, ஓரங்களில் மணல்மூட்டைகளை வைத்து, உள்ளே விஷவாயுவைச் செலுத்துவோம். அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. அப்பொறுப்பு யாழ்ப்பாணத்துக் கந்தையாவுடையது. குழாயைத் திறக்குமுன் அவர் தார்ப்பாயின் மேலாகப் பெட்டியைத் தட்டிவிட்டுக் காதை வைத்து நிற்பார். வண்டுகளிடம் விடைபெறுகிறீர்களா என்று ஒருநாள் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"பதில் வராட்டித்தான் எனக்கு நிம்மதி, மாஸ்டர்."

சூடான கெட்டில்

ஏற்றுமதிக் கெட்டில்களில் மலேசியச் சுவருக்குரிய பிளக்கைத்தான் பொருத்துவோம். அது மெல்பேர்னில் எந்தச் சுவரிலும் நுழையாது. அத்தகைய மாதிரி ஒன்று என் அறை அலமாரியில் இருந்தது. ஒருநாள் காலை, எல்லோருக்கும் முன்னதாக வந்து அதைத் தொட்டேன், சூடாக இருந்தது. மூடியின் உட்புறத்தில் நீர்த்துளிகள் நின்றன. பிறகு வந்த கந்தையாவும் தொட்டுப் பார்த்துக் கையை இழுத்துக்கொண்டார்.

"ஆரோ எங்களுக்கு முந்தித் தேத்தண்ணி குடிச்சிட்டுப் போட்டினம், மாஸ்டர். கோப்பையையும் கழுவி வச்சிருக்கினம்."

பதில்

அன்று மாலையே கப்பல் புறப்பட இருந்தது, மேலாளர் அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். கந்தையா வழக்கம்போலத் தட்டினார். அவர் தட்டிய அதே தாளத்தில் உள்ளிருந்து பதில் வந்தது. அவர் என்னைப் பார்த்தார். எனக்கும் கேட்டிருந்தது.

"எலியாக இருக்கும்," என்றேன்.

"எலி தாளம் போடாது, மாஸ்டர்."

மணல்மூட்டைகளை அகற்றித் தார்ப்பாயைத் தூக்கினோம். ஒலி வந்த பெட்டி முன்வரிசையில் இருந்தது. நெம்பித் திறந்தால், தாளில் சுற்றிய கெட்டில்களைத் தவிர வேறொன்றுமில்லை. மேலாளர் முகம் சிவந்து, உடனே மூடச் சொன்னார். கந்தையா குழாயின் மேல் கையை வைத்துக்கொண்டு, எல்லாப் பெட்டிகளையும் இறக்கினாலொழியத் திறக்கமாட்டேன் என்று நின்றுவிட்டார்.

பெட்டிகளை இறக்கியபோது, தார்ப்பாய் மூடியிருந்த பகுதிக்குள்ளேயே, கடைசி வரிசைக்கும் சுவருக்கும் இடையே இரண்டு பூட்ஸ் தெரிந்தன. பெட்டி தூக்கும் மதுரைச் செல்வம். இரவில் ரொட்டித் தொழிற்சாலையிலும் வேலை பார்ப்பவர். மூடுவதற்கு முன்பே அந்த இடுக்கில் புகுந்து உறங்கிவிட்டிருந்தார். பக்கத்தில், மலேசியப் பிளக்கை மெல்பேர்ன் சுவரோடு இணைக்க அவரே கட்டிய ஒயர் கிடந்தது. கெட்டில் சூடான மர்மம் விலகியது. தோளைப் பிடித்து நெடுநேரம் உலுக்கியபின்தான் கண் திறந்தார். கந்தையா மணல்மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார்.

"நல்லவேளையாகத் தட்டினீர்கள்," என்றேன் செல்வத்திடம்.

செல்வம் கண்ணைக் கசக்கினார். "நான் எங்க சார் தட்டினேன்? நீங்க உலுக்குற வரைக்கும் எனக்கு ஒண்ணுமே தெரியாது."

எல்லா விதிகளுக்கும் பொருந்திய அந்த முன்வரிசைப் பெட்டியை அடுத்த கப்பலில் அனுப்பிவிட்டோம். பதில் சொல்லும் பெட்டிகளைத் தடுக்கும் விதி எதுவும் மலேசியாவில் அப்போது இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.