வாழைநாரும் வடிகஞ்சியும்

வாழைநாரில் முடிச்சுப் போட்டு மனபாரத்தை இறக்கிவைக்கச் சொல்லிக் கொடுப்பது என் பிழைப்பு என்றால், எங்கள் கம்பம் ஊரில் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "பூக்கட்டவா?" கைவேலை வகுப்பு நடத்தி அவதிப்படும் சகாக்களே, உங்கள் ஊரிலும் இதே கதைதானே?

நார் கேட்டுப் போனது

கூடலூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் காற்றுக்கு வாழை சாய்ந்துவிட்டது என்று கேள்விப்பட்டு, மட்டை கேட்டுப் போனேன். தோட்டக்காரர் வரப்பில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். எதற்கு என்றார். மனக்கவலை தீர நாரில் திரை பின்னுகிறோம் என்றேன். சாய்ந்து கிடந்த வாழையை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"வேணுங்கிறத உரிச்சுக்க ஆத்தா. மொதத் திரைய எனக்குப் பின்னிக் குடுத்துரு."

தீராத நார்

மனசை உறுத்துகிற ஒவ்வொன்றுக்கும் ஒரு முடிச்சு. இதுதான் என் வகுப்பின் சட்டம். மற்றவர்கள் சாண் அளவில் நிறுத்திக்கொள்ள, மெகருன்னிசா மட்டும் முழம் முழமாகப் போட்டுக்கொண்டே போனாள். கட்டு நாரும் தீர்ந்தது. போதுமே என்றேன்.

"இப்பத்தான் நாத்தனாரு முடிஞ்சிருக்காக டீச்சர். மாமியாரு அப்படியே பாக்கி."

ஈஸ்வரி அக்கா

தன் பக்கத்து வீட்டு ஈஸ்வரி அக்காவைக் கூட்டிவந்ததும் மெகருன்னிசாதான். கணவர் இறந்து வருஷமாகிறது. அதன்பின் அக்கா சிரித்தும் யாரும் பார்த்ததில்லை, அழுதும் பார்த்ததில்லை. "ஒருக்கா சிரிச்சுட்டாப் போதும் டீச்சர்" என்று மெகருன்னிசா என் காதைக் கடித்தாள். நான் பெரிய ஆளாட்டம் நாரைக் கையில் கொடுத்து விளக்கினேன். அக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"முடிச்சுப் போட்டா அவுக வந்துருவாகளா?"

கஞ்சி போட்ட திரை

 அப்படிக் கேட்ட அக்காதான் வாராவாரம் வந்து பின்னி, வாசல் அகலத்துக்கு ஒரு திரையே முடித்துவிட்டார். திராட்சைக் கொடிக் கம்பு ஒன்றில் கோத்து அதைத் தொங்கவிட்டபோது எனக்குக் கண் நிறைந்துவிட்டது. தொளதொளவென்று இருக்கிறதே என்று வீட்டுக்கு எடுத்துப்போன அக்கா, சேலைக்குப் போடுகிற பழக்கத்தில் அதை வடிகஞ்சியில் நனைத்து வேலியில் காயப்போட்டிருக்கிறார்.

மறுவாரம் வெறும் கம்போடு வந்து நின்றார். மெகருன்னிசா வீட்டு ஆடு மிச்சம் வைத்தது அதுதான். மெகருன்னிசாவுக்குத் தலை நிமிரவில்லை. அக்காவின் உதடு துடித்தது. நான் ஆறுதல் சொல்ல வார்த்தை தேடினேன். அக்காவோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்துச் சிரித்து, அப்படியே அழுதார். மெகருன்னிசா ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி அக்கா சொன்னார்:

"ஒரு வருசமா நான் செமந்தத ஆடு ஒரு மத்தியானத்துல தின்னுருச்சு டீச்சர். இனி அது பாடு."

அன்றிலிருந்து, நாருக்குக் கஞ்சி போடாதீர்கள் என்று நான் யாரிடமும் சொல்வதில்லை.