சாச்சிக்கு உம்மா வைக்காத கையெழுத்து

செவ்வாய்க்கிழமை வந்தால் எங்கள் மாம்புரிக் கிராமத்தில் பெண்களைக் காணக் கிடைக்காது. கடன் வசூலிக்கிறவர் மோட்டார் சைக்கிளில் வரும் நாள் அது. வாப்பாவின் தோணி எஞ்சினுக்காக உம்மா ஒரு கடன் எடுத்திருந்தார். அதைக் கட்ட இன்னொன்று, அதையும் கட்ட மூன்றாவது. மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதும் உம்மா குசினிக்குள், அடுப்புக்குப் பின்னால், போய் ஒளிந்துகொள்வார். “உம்மா ஊட்ல இல்ல” என்று சொல்வது என் வேலை.

அந்த வருடம் புத்தளத்திலிருந்து ஒரு டீச்சர் வந்து பெண்களுக்குப் பண வகுப்பு நடத்தினார். கடனைக் கட்டக் கடன் எடுக்காதீர்கள், முடியாவிட்டால் ஒளியாமல் நேரே சொல்லுங்கள் என்பதுதான் பாடம். உம்மா ஒரு வகுப்பையும் விடவில்லை. பக்கத்து வீட்டிலிருந்த அவருடைய தங்கை, என் சாச்சி, முதல் நாள் தேத்தண்ணி குடித்ததோடு எழுந்து வந்துவிட்டார்.

அடுத்த செவ்வாய் நான் வழக்கம்போல “உம்மா ஊட்ல இல்ல” என்றேன். எனக்குப் பின்னாலேயே உம்மா வந்து, வசூலிக்க வந்தவருக்கு உட்காரக் கதிரை போட்டார்.

“முழுசா கட்ட ஏலாது தம்பி. கெழமைக்குப் பாதி தாறன். இனி ஒளிய மாட்டன்.”

வந்தவர் என்னைப் பார்த்தார். நான் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் நின்றேன்.

அதன்பின் அந்தப் பாதியைக் கட்ட எங்கள் ஃப்ரிட்ஜ் விலைப்பட்டது. பெருநாளைக்குப் புது உடுப்பு இல்லை. வகுப்புக்குப் போகாத சாச்சி வீட்டிலோ எல்லோருக்கும் புது உடுப்பு. படித்தால் முன்னேறலாம் என்று பள்ளிக்கூடத்தில் சொன்னது எனக்குக் குழம்பியது.

பிறகு ஒருநாள் சாச்சி தன் ராத்தாவை, என் உம்மாவை, தேடி வந்தார்.

“ராத்தா, ஒரு கையெழுத்துத்தான். நீங்க பிணை நின்டா கடன் தருவாங்க.”

“வேணாம் புள்ள. உள்ளத அவங்கள்ட்டயே சொல்லு. நானும் வாறன்.”

“பெரிய படிப்புப் படிச்சிட்டீங்க” என்று சாச்சி எழுந்து போனார். பிறகு எங்களோடு கதைக்கவில்லை.

மாரி மழை தொடங்கிய நாட்களில் ஒரு காலை சாச்சி வீடு பூட்டிக் கிடந்தது. எங்கே போனார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. நல்லவேளை, நீ பிணை நிற்கவில்லை என்று அயலார் உம்மாவிடம் சொன்னார்கள். அயலார் போனதும் உம்மா அழுதார்.

“நீங்க கையெழுத்து வெச்சிருந்தா சாச்சி போயிருக்க மாட்டாவா?”

“நாமளும் சேந்து போயிருப்பம் மகள்.”

“அப்ப ஏன் அழுறீங்க?”

உம்மா எழுந்து முற்றத்துக்குப் போனார். சாச்சி விட்டுப்போன கோழிகளுக்குத் தீன் போட்டார். அவை இட்ட முட்டைகளை எங்களுடையதோடு கலக்காமல் வேறு சட்டியில் வைத்தார். யாருக்கென்று எனக்கு விளங்கவில்லை.